நான் எண் போட்ட தெரு

போன மாதம் இரண்டு இளம் என்ஜினீயர்கள் விருத்தாசலத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுரங்க நகரத்தில், குவார்ட்டர்ஸ் வீடுகளைக் கவனிக்கும் ஆபீஸில் இப்போது இருப்பவர்கள். அந்த நகரத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். இந்த வயதில் எனக்குச் சண்டை ஆகாது. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். என் பெயரை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. கொளஞ்சி.

அங்கே வீடுகளுக்கெல்லாம் புதிதாகத் தகடு அடிக்கிறார்களாம். தகட்டில் கட்டம் கட்டமாக ஏதோ இருக்குமாம். போனைக் காட்டினால் வீட்டு விவரம் முழுக்க வருமாம். எல்லாத் தெருவும் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஏறிவிட்டது, ஒரு தெரு மட்டும் ஏற மறுக்கிறது என்றார்கள்.

"ஊரு பூரா ஒத்தைப்படை ஒரு பக்கம், ரெட்டைப்படை ஒரு பக்கம்ங்க ஐயா. இந்த ஒரு தெருவுல மட்டும் ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு பக்கமா போயி, பதினொண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எதிர்ப்பக்கமா திரும்பி வருது. மாத்திடலாம்னா, ஆபீஸ்ல பழைய ஆளுங்க 'கொளஞ்சியக் கேக்காம கை வைக்காத'ன்னு சொல்றாங்க" என்றது அந்தப் பெண்.

நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கும் என்னைக் கேட்காமல் ஒரு தெருவில் கை வைக்க முடியவில்லை பாருங்கள். "கை வைக்காதீங்க" என்றேன். "ஏன்?" என்றார்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எண் எழுத நான் கற்றுக்கொண்டது பீங்கானில். விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்யும் ஒரு பட்டறையில், ஜாடியின் வெளிப்பக்கம் அளவு எண் எழுதும் வேலை. ஜாடி ஒரு சுற்றும் பலகையில் உட்கார்ந்திருக்கும். இடது கையால் பலகையைச் சுற்றிவிட்டு வலது கையால் எழுத வேண்டும். சூளைக்குள் போய்விட்டால் யாராலும் அழிக்க முடியாது. நாலு வருஷம் எழுதினேன். எட்டு என்ற எண்ணைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுகிறவன் அந்தப் பட்டறையில் நான் ஒருத்தன்தான். ஜாடிக்கு வேண்டிய வெள்ளை மண் சுரங்க நகரத்திலிருந்து லாரியில் வரும். நிலக்கரியை எடுக்க மேலே இருக்கும் மண்ணை வெட்டித் தள்ளுகிறார்கள் இல்லையா, அதில் கிடைப்பது. ஒரு நாள் மண் இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரியில் ஏறி உட்கார்ந்தேன். "அங்க ஊரே புதுசா கட்டுறாங்க, ஒனக்கு வேலை இல்லாமலா போயிடும்" என்றார் டிரைவர். அவ்வளவுதான் என் படிப்பும் இன்டர்வியூவும்.

ஊர் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. மரம் கிடையாது. செம்மண் புழுதிக்கு நடுவே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். திட்டக்குடி, அதை ஒட்டிய மங்களூர், வேப்பூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் அம்மிக் குழவி, கோழிக்கூடு, உரல் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து கரி பூசிய முகத்தோடு வருகிறவன் எது தன் வீடு என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, "சோத்தப் போடு" என்று உட்கார்ந்துவிடுவான். போட்டவர்களும் உண்டு. யாரும் யார் முகத்தையும் சரியாகப் பார்த்துப் பழகாத காலம். ஆகவே அந்த ஊரில் வீட்டு எண் என்பது அலங்காரம் இல்லை, மானம்.

தகரத்தில் எண் வெட்டி அதன்மேல் பிரஷ் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அது எழுத்தே இல்லை. தோசைக்கல்லில் மாவு ஊற்றுவது மாதிரி. நான் எழுதும் முறை வேறு. நிலைப்படிக்கு வலது பக்கம், என் கண் மட்டத்துக்குச் சுவரை ஈரத் துணியால் துடைப்பேன். சாக்பீஸ் தடவிய நூலைக் கட்டிச் சுண்டி ஒரு சாண் அகலத்துக்குக் கட்டம் போடுவேன். கட்டத்துக்குள் நைசாக வடிகட்டிய சுண்ணாம்பு இரண்டு பூச்சு. ஒரு பூச்சு காய்ந்து, தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அப்புறம்தான் அடுத்தது. அதன்மேல் கறுப்பு எனாமலில் எண். எழுதும்போது மூச்சு விட மாட்டேன். பத்தொன்பதுக்கு ஒரு மூச்சு பிடிக்கும். அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிகள் என் எண்களை நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டைத்தான் தேடினார்கள் என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ஓவர்சீயர் தணிகாசலம் சார். சிவப்பாக, ஒடிசலாக இருப்பார். டிரேசிங் துணியில் வரைந்த பிளானை நீளமாகச் சுருட்டி எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பார். சாப்பிடும்போது மடியில் இருக்கும். ஒரு வீட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருக்கும்போது, "சார், இந்த வூட்டு ஜன்னல் ஒடஞ்சிருக்குது" என்று சொன்னால், ஜன்னலைப் பார்க்க மாட்டார். பிளானை விரித்து அந்த ஜன்னல் இருக்கிறதா என்று பார்ப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "டேய் கொளஞ்சி, வாடா" என்றால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்று பொருள். "வாங்க கொளஞ்சி, உட்காருங்க" என்றால் சீட்டுக் கிழிந்தது. நாற்காலி காட்டப்பட்டவர்கள் இரண்டு பேர் அதற்கு முன் ஊரை விட்டே போயிருந்தார்கள்.

அவர் ஒரு நாள், "டேய், புதுத் தெரு ரெடி. இருபது வீடு. தையில குடி வராங்க. நம்பர் போட்டுடு" என்று பிளானை விரித்துக் காட்டினார். அதுவரை நான் எண் போட்டதெல்லாம் ஒரு பக்கம் வீடும் எதிரே பொட்டலும் இருக்கிற வரிசைகள். இரண்டு பக்கமும் வீடு உள்ள தெரு எனக்கு அதுதான் முதல். பிளானில் ஈ மொய்த்த மாதிரி கோடும் எழுத்தும் இருந்தன. எனக்குப் பிளான் படிக்கத் தெரியாது. சொல்லியிருக்கலாம், சொன்னால் வேறு ஆளைப் போடுவார். தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே தப்பு அதுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்தது.

தெருமுனையில் நின்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? இடது பக்கம் ஒன்றில் ஆரம்பித்துப் பத்து வரைக்கும் போனேன். கடைசியில் எதிர்ப்பக்கம் திரும்பிப் பதினொன்றிலிருந்து இருபது வரைக்கும் எழுதிக்கொண்டே வந்தேன். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். இருபது எண்ணும் இருபது முத்து.

தை முகூர்த்தத்தில் இருபது குடும்பமும் ஒரே நாளில் பால் காய்ச்சினார்கள். வீட்டுக்குள் கன்றோடு பசுமாடு நுழைய வேண்டும் அல்லவா? அந்தப் புழுதி ஊரில் அன்றைக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாடு. ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்து அதை வீடு வீடாக ஓட்டினார்கள். நாலு கிறிஸ்தவ வீடுகளில் மாட்டுக்குப் பதில் சாமியார் நுழைந்து தீர்த்தம் தெளித்தார். மாடு வெளியே வரவும் சாமியார் பக்கத்து வீட்டுக்குள் போகவும் ஒரே கும்மாளம். பதினாலாம் நம்பர் வாசலில் மாடு படுத்துவிட்டது. "இதுக்கு மேல எனக்கு யாரு வூடும் வேணாம்னு சொல்லுதுடா" என்று சிரித்தார்கள். வெல்லம் காட்டி எழுப்பி மீதியையும் முடித்தார்கள். கவனியுங்கள், மாடுகூட நான் போட்ட வரிசையில்தான் போனது.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பதின்மூன்றாம் நம்பரில் சௌந்தரம் அம்மாள் என்று ஒரு ஃபோர்மேனின் மனைவி. திட்டக்குடிப் பக்கம், நாற்பதை ஒட்டிய வயது, கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண் உண்டு. குரல் எடுத்தால் சுரங்கத்துக்குள் கேட்கும். மாசியில் ஒரு நாள் நாலாம் நம்பருக்குக் கறிவேப்பிலை கேட்கப் போயிருக்கிறார். அங்கே இருந்தது அஞ்சலை. புதிதாகக் கல்யாணமானவள், வேப்பூர். அவள் புருஷன் சாதாரணத் தொழிலாளி. நான் எதிரே ஏணியில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏண்டி அஞ்சல, இது என்னாடி உள்ள இன்னொரு கதவு?"

"அதுவாக்கா, ரூம்பு."

"எங்க வூட்ல அந்த எடத்துல செவுரு இருக்குது!"

அந்தச் சுவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பிளான்படி இடது பக்கம் முழுக்க ஒற்றைப்படை, அங்கே ஒரு அறை அதிகம், ஃபோர்மேன்களுக்கு. வலது பக்கம் இரட்டைப்படை, சிறிய வீடு, தொழிலாளிகளுக்கு. நான் போட்ட எண்ணை நம்பிக் குடி வந்ததில், ஐந்து தொழிலாளிகள் பெரிய வீட்டிலும் ஐந்து ஃபோர்மேன்கள் சின்ன வீட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"வாங்க கொளஞ்சி. உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"ரெண்டாம் நம்பர் எந்தப் பக்கம்ங்க?"

"ஒண்ணுக்குப் பக்கத்துல சார்."

"பிளான்ல?"

நான் பிளானைப் பார்த்தேன். பிளான் என்னைப் பார்த்தது.

"ஏன் இப்படிப் போட்டீங்க?"

"சார், கல்யாணப் பத்திரிகை வைக்கிறவன் ஒரு பக்கமா போயி மறுபக்கமா திரும்பி வருவான். சாமி பொறப்பாடும் அப்படித்தான். இந்தப் பக்கம் ஒரு வூடு, அந்தப் பக்கம் ஒரு வூடுன்னு குறுக்கால போறவன் சாராயக் கடையிலேர்ந்து வரவன்தான் சார்."

"வெள்ளைக்காரன் ஊர்ல எல்லாம் இப்படித்தாங்க நம்பர்."

"அங்க குளிரு சார்."

அவர் சிரிக்கவில்லை. அந்த ஐந்து பேரை மட்டும் இடம் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "பிளான்ல அப்படியா இருக்குங்க?" என்றார். பிளான்படி ஒன்றாம் நம்பரையும் பதினாலாம் நம்பரையும் தவிர மற்ற பதினெட்டுக் குடும்பமும் மாற வேண்டும். ஒரு வீடு காலியானால்தான் அடுத்தவர் அதில் நுழைய முடியும். ஒருவர் அசையாவிட்டால் யாரும் அசைய முடியாது.

"உங்க பேரு பர்மனென்ட் ஆக்கற லிஸ்ட்ல இருக்குங்க. மத்தவங்க பேரை இன்னைக்கே அனுப்பறேன். உங்க பேரைத் தனியா அனுப்பறேன், தெரு சரியான அன்னைக்கு."

இதைக் கேட்டு நான் ஏன் கலங்கினேன் என்று சொல்ல வேண்டும். திட்டக்குடியில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெயர் தனம். பெண் பார்க்கப் போன அன்று காபி கொடுத்துவிட்டு என் சட்டையைப் பார்த்து, "சட்டைக் கையில எட்டு இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். பிரஷைத் துடைத்த கறை அப்படியே எட்டாக விழுந்திருந்தது. அதற்கப்புறம் எனக்கு வேறு பெண் எதற்கு? ஆனால் அவள் அப்பா, ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர், நிலத்தில் கால் ஊன்றி நிற்கிற மனிதர். "மஸ்டர்ல தினக்கூலிக்கு நிக்கற ஆளுக்கு நாளைக்கு வேலைன்னு இன்னிக்கிச் சொல்ல முடியாது தம்பி. பர்மனென்ட் ஆவட்டும், பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, அந்தத் தெரு நகர்ந்தால்தான் எனக்குத் தனம்.

பங்குனியில் மாற்றிவிடலாம் என்று வீடு வீடாகப் போனேன். "தவக்காலம், ஈஸ்டர் முடியட்டும்" என்றார்கள் கிறிஸ்தவர்கள். "பங்குனியில யாராச்சும் வூடு மாறுவாங்களா?" என்றார்கள் மற்றவர்கள். சரி, சித்திரை.

இதற்கிடையில் ஒரு விஷயம். நாலாம் நம்பருக்கு நான் போட்ட சுண்ணாம்புக் கட்டத்தின் கீழ் மூலை பெயர்ந்திருந்தது. பல்லி இல்லை, எலி இல்லை, நகத்தால் சுரண்டிய தடம். என் எழுத்தில் யாரோ கை வைக்கிறார்கள்! சரி செய்தேன். மறுநாள் மறுபடியும் சுரண்டல். எதிர் வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்று காவல் இருந்தேன். அஞ்சலை வெளியே வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கட்டத்தைச் சுரண்டி விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, என் நம்பரத் தின்னுற?"

அவள் முகம் சிவந்துபோனது. "என்னான்னு தெரியலண்ணே. இந்தச் சுண்ணாம்பு வாசன வந்தா கால் தானா வாசலுக்கு வருது. வெளிய சொல்லிடாதண்ணே" என்றாள்.

மசக்கை. சிலருக்கு மாங்காய், சிலருக்குச் சாம்பல், சிலருக்கு மண். அந்தத் தெருவுக்கு நான் நைசாக வடிகட்டிய சுண்ணாம்பு. என் வேலை அவ்வளவு சுத்தம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீடு மாறக் கூடாது என்பது நம் பக்கத்தில் யாரும் மீறாத வழக்கம். ஆபீஸில் போய், பெயர் சொல்லாமல், ஒரு வீட்டில் மசக்கை என்று மட்டும் சொன்னேன். தணிகாசலம் சார் பிளானை விரித்தார். அதில் மசக்கை இல்லை. "எப்பங்க முடியும்?" என்றார். "ஐப்பசி சார்."

ஐப்பசியில் அஞ்சலைக்குப் பெண் பிறந்தது. அதற்கு முன்பே ஒன்பதாம் நம்பரில் கட்டம் பெயர்ந்துவிட்டது. அது தையில் முடிந்தது. அதற்குள் பதினாறு. பாதிக்கு மேல் இளம் ஜோடிகள், புது ஊர், வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஒரு கட்டம் பூசி முடிப்பதற்குள் இன்னொரு கட்டம் சுரண்டியிருக்கும். காலையில் தெருவில் நுழைந்ததும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வருவேன். மாமியார்களுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும். ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாளே.

சந்தேகம் வந்தால், தெருவுக்குச் சைக்கிளில் வரும் நர்சம்மா சகாயமேரியைக் கேட்பேன்.

"சிஸ்டர், இந்தத் தெருவுல இப்ப யாராச்சும்..."

"கல்யாணம் ஆகாதவனுக்கு இந்தக் கேள்வி எதுக்குடா?"

"கல்யாணம் ஆகறதுக்குத்தான் சிஸ்டர் கேக்கறேன்."

இவ்வளவுக்கும் நடுவில் சௌந்தரம் அம்மாள் வாசலில் நின்று கத்தாத நாள் இல்லை. "ஒருத்தி பெத்தா ஒருத்தி ரெடியா இருக்காளுவ! எனக்கு எப்ப வரும் என் ரூம்பு? பொண்ணு பாக்க வரவங்கள எங்க ஒக்கார வைக்கறது, அடுப்பு மேலயா?" அவர் கேட்பதும் நியாயம்தான். என்னைக் கண்டால், "வாய்யா எண்ணுக்காரு, இந்த மாசம் எந்தப் புண்ணியவதி?" என்பார். அஞ்சலையோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

இரண்டாம் வருஷம் பங்குனியில் பதினாறாம் நம்பர் பிரசவம் ஆயிற்று. சித்திரை முழுக்க இருபது கட்டமும் முழுசாக இருந்தன. எனக்கே நம்பிக்கை வரவில்லை, நாளுக்கு இரண்டு தடவை சுற்றினேன். அதே சமயம் திட்டக்குடியிலிருந்து ஆள் வந்தது: "வேப்பூர்ல லாரி வச்சிருக்கறவங்க பொண்ணக் கேக்கறாங்க. ஆனிக்குள்ள ஒரு முடிவு சொல்லச் சொன்னாரு."

வைகாசியில் நாள் குறித்தோம். காலை முகூர்த்தம். தெருவில் மாட்டு வண்டிகள். பெட்டி, பாய், அம்மி எல்லாம் வாசலில். தணிகாசலம் சார் ஒன்றாம் நம்பர் எதிரே நாற்காலி போட்டு, பிளானை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். "டேய் கொளஞ்சி, ஒருவழியா முடிச்சிட்டடா" என்றார். மனிதர் கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. முதல் வண்டி சௌந்தரம் அம்மாளுடையது. ஒரு வருஷமாகக் கட்டி வைத்த மூட்டைகள். சாமான் எல்லாம் ஏறிவிட்டது. புருஷன் வண்டிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். சௌந்தரம் அம்மாள் மட்டும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

பக்கத்தில் போனேன். பதின்மூன்றுக்குக் கீழே, வலது மூலையில், புதிதாக ஒரு நகத் தடம்.

நான் கட்டத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பின்னாலேயே கல்யாண வயதுப் பெண் கண்ணாடியும் கையுமாக நிற்கிறது. சொன்னால் மானம் போகும். சொல்லாமல் படி இறங்கினால் வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ஒரு வருஷம் கேட்டு வாங்கிய நகர்வு. அந்த அம்மாளின் வலது கால் படிக்கும் வாசலுக்கும் நடுவில் தொங்கியது.

வண்டி ஓடினால் எனக்கு வேலை நிரந்தரம், ஆவணியில் தனம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பெரிய மனசோடு உடனே பாய்ந்தேன் என்று எழுதலாம், எழுத மாட்டேன். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டி முடிக்கும் வரைக்கும் யோசித்தேன். அப்புறம் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

"சார், நிறுத்தணும் சார்."

தெருவே என்னைப் பார்த்தது. தணிகாசலம் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஏங்க கொளஞ்சி?"

"சொல்ல முடியாது சார். இன்னிக்கு வேணாம்."

"என்னைக்குங்க வேணும்?"

"சொல்ல முடியாது சார்."

"புரியுதுங்களா, உங்க பேரு இதோட..."

"புரியுது சார்."

சௌந்தரம் அம்மாளின் புருஷன், "யோவ், உனக்கென்ன பைத்தியமா? கயித்த வுடுய்யா!" என்று பாய்ந்து வந்தார். நான் விடவில்லை. இழுபறியில் மாடு மிரண்டது, மேலே இருந்த குண்டான் உருண்டது. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அஞ்சலை, இடுப்பில் குழந்தையோடு, தெருவைக் கடந்து வந்தாள். சௌந்தரம் அம்மாளின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். ஒரு வருஷச் சண்டையை மறந்து, ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்:

"அக்கா! எத்தினி மாசம்?"

இழுத்துக்கொண்டிருந்த கயிற்றைப் புருஷன் விட்டுவிட்டார்.

"மெதுவா பேசுடி, பொண்ணு நிக்குது" என்றார் சௌந்தரம் அம்மாள். அவர் மெதுவாகப் பேசி அந்தத் தெரு கேட்டது அன்றுதான் முதல் தடவை. "மூணு."

புருஷன் வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் வானத்தைப் பார்த்தார். பிறகு குண்டானை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். பெண் சிரித்துவிட்டது. அது சிரித்ததும் தெரு முழுக்கச் சிரித்தது. சகாயமேரி சிஸ்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

தணிகாசலம் சார் சிரிக்கவில்லை. "எப்ப முடியும்?" என்று என்னைக் கேட்டார்.

"கார்த்திகை சார். ஆனா அதுக்குள்ள வேற ரெண்டு நம்பர்லயும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இல்ல சார்."

அவர் பிளானைச் சுருட்டினார். முதல் முறையாகத் தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தார். ஒன்றாம் நம்பரிலிருந்து நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே பத்து வரைக்கும் போனார். எதிர்ப்பக்கம் திரும்பினார். பதினொன்று, பன்னிரண்டு என்று வந்து இருபதில் நின்றார். அவருடைய நாற்காலி எதிரே இருந்தது.

"இது சௌகரியமாத்தான்டா இருக்கு" என்றார்.

ஆபீஸுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பிளானை மேஜையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். பாதி பிளேடை எடுத்து டிரேசிங் துணியில் அந்தத் தெருவின் எண்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். துணி கிழியாமல் சுரண்டுவது பெரிய வித்தை. அதை அவரிடம்தான் பார்த்தேன். இருபதும் போனபின் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீ போட்டதுதானே, நீயே போடு." என்ஜினீயர்களும் தொட யோசிக்கும் பிளானில், மூன்றாம் வகுப்புக்காரன் ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் எழுதினேன். ஈ அளவு எண்கள். எட்டை ஒரே இழுப்பில் போட்டேன். அறை வேண்டும் என்ற ஃபோர்மேன்களுக்கு அடுத்த தெருவில் பெரிய வீடு தருவதாக எழுதிக்கொடுத்தார். இரண்டு பேர்தான் போனார்கள். சௌந்தரம் அம்மாள் போகவில்லை. மூன்று மாதத்தில் எப்படிப் போவது?

என் பெயர் மேலே போய்விட்டது. ஆனால் ஆர்டர் வர நாள் ஆகும் அல்லவா? ஆனி பாதியில் தனத்தின் அப்பாவே நேரில் வந்து நின்றார். "பேப்பர் எங்க?" என்றார். "வந்துடும்ங்க மாமா" என்றேன். "வராத பேப்பருக்கு மாமா எதுக்கு?" என்றார். நான் எண் போட்ட தெருவையாவது காட்டலாம் என்று கூட்டிப் போனேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நம்பர் படியில் மாங்காய் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சௌந்தரம் அம்மாளிடம் நேராகப் போய், "ஏம்மா, நம்ம திட்டக்குடிப் பேச்சாத் தெரியுது. இந்தப் புள்ள எப்படி?" என்று கேட்டார்.

"பொண்ணு குடுக்கவா வந்திருக்கீங்க? கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க" என்றார் அந்த அம்மாள். "ஒரு வருசத்துக்கு மேல இந்தத் தெருவுல இருபது பொம்பளைங்க வயித்தையும் எண்ணிக்கிட்டே திரிஞ்சுது. ஒரு நாளு ஒருத்தியப் பத்தி ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல. எனக்காவ தன் கல்யாணமே போனாலும் போவுதுன்னு மாட்டுக் கயித்தப் புடிச்சிட்டு நின்னுது. பேப்பரு வரும், போவும். இது வேற எங்க கெடைக்கும்?"

"வயித்தையா எண்ணினான்?"

"ஒரு தப்பு கெடையாது. நர்சம்மாவுக்கு முன்னாடியே இதுக்குத் தெரிஞ்சிடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தெருவை ஒரு தடவை பார்த்தார். வாசலுக்கு வாசல் ஒரு தூளி, ஒரு வயிறு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆவணி மொத முகூர்த்தம் வச்சுக்கலாம். ஆனா மாப்ள, இந்தத் தெருவுல மட்டும் வூடு கேக்காதீங்க. எம்பொண்ணுக்கு ஒரு ரெண்டு வருசமாவது மூச்சு வுட நேரம் குடுங்க" என்றார்.